மஞ்சள் வேர்

சாத்தான்குளம் பக்கம் தேரி மணல்மேட்டை ஒட்டிய செம்மணலில் நண்பர் மக்காச்சோளம் போட்டிருப்பதாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. பனையும் முந்திரியும் முருங்கையும் நிற்கிற மண் அது. காலையில் பாய்ச்சிய தண்ணீர் மாலையில் இருக்காது. போட்ட யூரியாவும் அதோடு இறங்கிவிடும். "வேம் போட்டேன். அதச் செய்யுத அக்காவையே வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார்.

வேம் என்பது வேர் உட்பூசணம். வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கும் நூலிழைகளை நீட்டி, நகராமல் கிடக்கும் மணிச்சத்தை எடுத்துவரும். கூலியாகப் பயிரிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். உயிருள்ள வேரில்லாமல் இது பெருகாது. அதனால் இதை உண்டாக்கவும் ஒரு பயிரை வளர்க்க வேண்டியிருக்கிறது; அக்கா விதைப்பது மக்காச்சோளம்.

அக்கா வீட்டுக் கொல்லையில் பாலித்தீன் விரித்த குழிகள். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தந்த முறைதான்: ஒரு மீட்டர் சதுரக் குழியில் 50 கிலோ வெர்மிகுலைட், 5 கிலோ சுத்திகரித்த மண், 1 கிலோ தாய் வித்து. விதை கழுவுவது, உரம் வைப்பது எல்லாம் வரிசையாகச் சொன்னார்; பாதியில் நான் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டேன். 60 நாள் கழித்துப் பயிரை அறுத்து, வேரை நறுக்கிக் கலந்தால் 55 கிலோ வேம்.

நறுக்க அவர் எடுத்தது பாளை அரிவாள். கணவர் பனையேறி. முழங்கால் போன பிறகு மரம் ஏறுவதில்லை. "அவரு சும்மா இருந்தாலும் அருவா சும்மா இருக்கக் கூடாதுல்லா தம்பி. வேர நசுக்கப்படாது, சீவணும். இந்தப் பதம் வேற எதுலயும் வராது." ஒரு தூரைப் பிடுங்கி வேரை உதறிக் காட்டினார். ஆங்காங்கே இளமஞ்சள். "மஞ்ச ஓடியிருந்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வெள்ளையாவே இருந்தா அந்தக் குழிய யாருக்கும் குடுக்க மாட்டேன்." சரிதான், பூசணம் ஏறிய மக்காச்சோள வேரில் மஞ்சள் நிறமி உண்டாகும். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும் என்பதால் பிடுங்கியதுமே பார்த்துவிட வேண்டும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததைத்தான் வியாபாரி மூட்டையாக அள்ளிப்போய், பாக்கெட்டில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கிறார். இதைத் தூவினால் எருவே வேண்டாம் என்று வாய் கூசாமல் சொல்கிறார். தகரக் கொட்டகை வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் உயிர் எங்கே இருக்கும்? விளையாவிட்டால் கெட்ட பெயர் வேமுக்கு; நஷ்டம் விவசாயிக்கு; மஞ்சள் பார்த்துக் கொடுத்த அக்காவுக்குக் கிடைப்பதோ கூலிக் கணக்குதான்.

நண்பரின் காட்டில் வேமுக்கு முன்னால் நடந்த வேலைதான் பெரிது. குளத்துக் கரம்பை மண் அடித்தார். கோடையில் ஆட்டுக்கிடை போட்டார். மக்கவைத்த தென்னை நார்க்கழிவும் சேர்த்தார். பச்சை நார்க்கழிவைக் கொட்டினால் தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடும். மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது பொதுப் பரிந்துரை; தேரி மணலுக்கு அதுவே போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மணற்காட்டில் மக்காச்சோளம் போட நினைப்பவர்கள் முதல் காசைக் கரம்பைக்கும் எருவுக்கும் செலவிடுங்கள். வேமைச் செய்கிறவரிடமே போய் வாங்குங்கள். பூஞ்சணக்கொல்லி தடவிய விதையோடு கலக்காதீர்கள். சூப்பர் பாஸ்பேட்டையும் அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து மிகுந்த மண்ணில் இந்தப் பூசணம் வேரில் சரியாக ஏறாது.