பரண்ல ஒரு குரங்குக் குட்டி!

உங்க வீட்டுப் பரண்ல என்னென்ன இருக்குனு கடைசியா எப்போ பார்த்தீங்க பாஸ்? பித்தளை அண்டா, இறக்கை உடைஞ்ச டேபிள் ஃபேன், அக்காவோட பத்தாம் வகுப்பு கைடு... இதுக்கு நடுவுல, கையடக்கமா ஒரு பழைய வீடியோ கேம் தூங்கிட்டிருந்தா, தயவுசெஞ்சு அதைப் பழைய இரும்புக்காரர் தராசுல போட்டுடாதீங்க. அதுக்காக, 'லட்சாதிபதி ஆயிட்டோம்டா மச்சி'னு ஹாஸ்டல் பூரா ட்ரீட்டும் அறிவிச்சுடாதீங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம மேட்டரே இருக்கு.

எங்க மாமாவுக்கு அவிநாசி. திருப்பூர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பொண்ணுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டவேண்டிய நேரத்துல கையில காசு தட்டுப்பாடு. டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்து ஒரு பொருளை எடுத்து நீட்டி, "இதெல்லாம் இப்ப நல்ல வெலைக்குப் போகுதாமா... கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங் மாப்ள"ன்னார். அது நிண்டெண்டோவோட 'கேம் அண்ட் வாட்ச்'. கேம் பேரு 'டாங்கி காங் ஜூனியர்'. மாமா அரை டிரவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்துல, சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் கொடுத்தது.

1982-ல வந்த காட்டு சாகச விளையாட்டு அது. அப்பா குரங்கைக் கூண்டுல அடைச்சு வெச்சிருக்காங்க. குட்டிக் குரங்கு கொடியைப் பிடிச்சு ஏறி, வாயைப் பிளந்துட்டு வர்ற பொறிகளைத் தாண்டி, பறவைகள்கிட்ட சிக்காம சாவியை எட்டிப் பிடிச்சு அப்பாவை மீட்கணும். அப்பாவை அடைச்சு வெச்ச வில்லன் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம ஹீரோ மரியோவேதான்!

இந்த வரிசைக்குப் பிள்ளையார்சுழி போட்டவர் குன்பெய் யோகோய். ஜப்பான் புல்லட் ரயில்ல ஒரு பயணி போரடிச்சுப்போய் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிட்டு இருந்ததைப் பார்த்து, 'இப்படி நேரம் போக்க ஒரு குட்டி கேம் இருந்தா எப்படி இருக்கும்?'னு யோசிச்சாராம். 1980-ல முதல் கேம் வந்துச்சு. உள்ளே இருக்கறதும் கால்குலேட்டர் சரக்குதான். குரங்கு நிஜத்துல நகரவே இல்லை. அது நிக்கற, தாவுற, தொங்குற ஒவ்வொரு உருவமும் திரையில முன்னாடியே பதிச்சு வெச்சது. ஒண்ணு மறைஞ்சு அடுத்தது தெரியும்போது, தாவுற மாதிரி நம்ம கண்ணு நம்பிடும். அவ்வளவுதான் ட்ரிக்!

சரி, விலைக்கு வருவோம். 2021 ஏப்ரல்ல, சீல் உடைக்காத ஒரு 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேசட் அமெரிக்க ஏலத்துல 6,60,000 டாலருக்குப் போச்சு. அதே வருஷம் ஜூலையில 'சூப்பர் மரியோ 64' 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். இந்த மாதிரி நியூஸைப் படிச்சுட்டுத்தான் நாம எல்லாரும் பரண் ஏறுறோம். ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்த ரெண்டையும் வாங்கினதுல இருந்து யாருமே விளையாடலை. கவரைக்கூடப் பிரிக்கலை. சேகரிக்கறவங்க உலகத்துல பெரிய விலை, விளையாடாம விட்டதுக்குத்தான் கிடைக்குது!

அடுத்தது, எத்தனை மிச்சம் இருக்குங்கற கணக்கு. கேம் அண்ட் வாட்ச் மொத்தமா வித்தது 4 கோடியே 34 லட்சம். அதனால 'பழசு'ங்கறதுக்காக மட்டும் யாரும் கொட்டிக் கொடுக்க மாட்டாங்க. அதே வரிசையில 1987-ல ஜப்பான்ல பரிசா மட்டும் கொடுத்த மஞ்சள் கலர் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இருக்கு. செஞ்சதே 10,000 தான், கடையில விக்கவே இல்லை. அதுக்கு மவுசே தனி.

"அப்போ எங்கிட்ட இருக்கற பிரிக் கேம்?"னு கேக்கறீங்கதானே? தேர்த் திருவிழாக் கடையில 'ஒம்போதாயிரத்துச் சொச்சம் கேம் இருக்கு'னு சொல்லி நம்ம தலையில கட்டினாங்களே, அதேதான். ஊருக்கு ஊர் குவிஞ்சு கிடந்துச்சு. செஞ்சது யாருன்னு பேரும் இருக்காது, வருஷமும் இருக்காது. தேடி வாங்கறவங்களுக்கு அந்த ரெண்டும் வேணும். அதனால ஞாபகத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க.

மூணாவது விஷயம்தான் மாமாவைக் குழப்பிடுச்சு. அட்டைப் பெட்டி! விளையாட்டு சாமான் வாங்கினா நாம முதல்ல கிழிக்கறதே பெட்டியைத்தான். அதனால மெஷினை விட பெட்டிதான் அபூர்வம். எங்க அமுச்சி எதையும் தூக்கிப் போடாத ஆளு. அந்தப் பெட்டியில ஊசி, நூல், சட்டைப் பட்டன் எல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. மூடிக்கு உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால ஒரு மாசத்துப் பால் கணக்கு. 'செவ்வாய் அரை, புதன் இல்லை'னு அவங்க கையெழுத்து. அமுச்சி தவறி ஆறு வருஷம் ஆச்சு.

கோயம்புத்தூர்ல இருந்து பழைய கேம் சேகரிக்கற ஒருத்தர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன். பேட்டரி மாத்தி, எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துட்டு நேரா சொன்னார்: "பொட்டியோட ஒம்பதாயிரம். மூடியில கிறுக்கல் இல்லாம இருந்தா இன்னும் சேர்த்துக் கொடுப்பேன். மெஷின் மட்டும்னா நாலாயிரங்க." வெறும் அட்டைக்கு ஐயாயிரம்!

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தார். திருப்பி மூடினார். "மெஷினை எடுத்துக்குங்க. பொட்டி இருக்கட்டும்"ன்னார். மீதி ஃபீஸுக்கு அத்தையோட தோடு அடகுக்குப் போச்சு. "ஐயாயிரத்தை விட்டுட்டீங்களே மாமா"ன்னு கேட்டேன். "அந்த மெஷினை யாரு வேணா வெச்சிருப்பாங்க மாப்ள. பால் கணக்கு வேற எங்கீங் கெடைக்கும்?"ன்னார். அத்தைக்கு அன்னிக்கு முகம் சரியில்லைதான். தோட்டுக்கு வட்டி கட்டறது அவங்களாச்சே! யார் பக்கம் நியாயம்னு எனக்கு இன்னும் தெரியலை. நீங்க தீர்ப்பு சொல்லுங்க.

ஆனா ஒண்ணு. மார்க்கெட் தன் கணக்கைத் தெளிவா சொல்லிடுச்சு. அதுக்குக் கிறுக்கல்னா விலை குறைவு. நம்ம கணக்கு அதுக்கு நேரெதிரா இருக்கலாம். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுத்தா போதும். மாமா அப்படித்தான் எடுத்தார்.

எங்க அவிநாசிக் கதை உங்களுக்குத் தெரியும்தானே? முதலை முழுங்கின பையனை, சில வருஷம் கழிச்சு சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். இடைப்பட்ட வயசுக்கான வளர்த்தியோடவே பையன் திரும்பி வந்தான்னு சொல்லுவாங்க. பரணும் ஒரு முதலைதான். ஆனா முழுங்கினதை அப்படியே திருப்பித் தராது. வளர்ந்து வரணும்னா நாமதான் பார்த்துக்கணும். அதுக்குச் சில டிப்ஸ்:

* பட்டன் செல்லை உடனே வெளியே எடுங்க. கசிஞ்சா உள்ளே இருக்கற உலோகத் தகடு அரிச்சுப் போயிடும். கேம்ல இருந்த பழைய ஹை ஸ்கோர் போயிடுமேன்னு கவலைப்படாதீங்க. செல் தீர்ந்தப்பவே அது போயாச்சு.

* பேட்டரி மூடி தொலைஞ்சிருக்கானு பாருங்க. அந்தத் துக்கடா பிளாஸ்டிக் இல்லைன்னாலே விலை இறங்கும்.

* திரை மேல இருக்கற மெல்லிய ஃபிலிம் கெட்டா, தெரிஞ்சவங்க மாத்திடுவாங்க. கண்ணாடிக்குள்ளயே மை கொட்டின மாதிரி கறுப்பு படர்ந்திருந்தா ரிப்பேர் கிடையாது.

* வெயில்லயும் ஈரத்துலயும் வைக்காதீங்க. பெட்டியை செலோ டேப் போட்டு ஒட்டவே ஒட்டாதீங்க.

* 'எவ்வளவு கேக்கறாங்க'னு பார்க்காதீங்க. 'எவ்வளவுக்கு வித்துச்சு'னு பாருங்க. கேக்கறதுக்கு யார் வேணா எதை வேணா கேக்கலாமே!

* நீங்க வாங்கற ஆளா இருந்தா உஷார். பழசு மாதிரியே புதுசா அச்சடிச்ச பெட்டிகளும் சந்தையில உண்டு. 2020-லயும் 2021-லயும் நிண்டெண்டோவே கேம் அண்ட் வாட்ச் பேர்ல புது கேம்களை விட்டுச்சு. அதைப் பழசுன்னு நம்பிடாதீங்க.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? ஸ்டூல் போட்டு ஏறுங்க. கேம் கிடைச்சா சந்தோஷம். அதுக்கு முன்னாடி, அது வந்த பெட்டியோட மூடியைத் திருப்பி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. யாராவது ஏதாவது எழுதி வெச்சிருப்பாங்க. விலை பேசுறதெல்லாம் அப்புறம்!