ஓலை காத்திருக்காது

பிள்ளைகளே, உங்கள் வீடுகளுக்கு வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். அலுமாரியின் அடித்தட்டில் பாதி தைத்த துண்டுத்துணி விரிப்பு இருக்கும். கடைப் பையொன்றுக்குள் ஊசியோடு நிற்கும் ஊல் பின்னல் இருக்கும். கதவுக்குப் பின்னால் இன்னும் வாய் பொத்தாத ஓலைப்பெட்டி ஒன்று தொங்கும். என் கண்ணில் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் உங்கள் முகம் சுருங்குகிறது. "தொடங்கினது எல்லாம் பாதியிலதான் கிடக்குது" என்று, நான் வாய் திறக்குமுன்பே உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்கிறீர்கள்.

அந்தக் குறை வேண்டாம். மூன்று நாலு வேலையை ஒரே காலத்தில் கையில் வைத்திருப்பது மன்னார்ப் பெண்களுக்குப் புதிதல்ல. எங்கள் தாய்மார் யாரும் ஒரு வேலையை முடித்துக் கையைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொட்டவர்கள் அல்லர். ஆனால் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி விட்டுவைத்தால்தான் வேலை வீணாகும், மனமும் சோரும்.

எங்கள் மன்னார்த் தீவின் வடகரை பாக்கு விரிகுடாவைப் பார்த்திருக்கிறது. தென்கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கிறது. சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு ஒதுக்கமாக இருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை மாறிவிடும். அதனால் காற்றைப் பார்த்துப் படகையும் வாடியையும் கரை மாற்றுவது எங்கள் மீனவர்களின் பழக்கம். அவர்களின் வீட்டுப் பெண்கள் அதே காற்றைப் பார்த்துக் கைவேலையை மாற்றினார்கள்.

முதலில் ஓலையைச் சொல்கிறேன், அதுதான் அவசரக்காரன். பனங்குருத்தை வெட்டி, வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்கவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டுமானால் சாயத்தில் அவித்து எடுத்துச் சுருட்டி வைக்கும்வரை அது பொறுமையாகத்தான் இருக்கும். சுருள் பரணில் மாதக்கணக்காகக் கிடந்தாலும் கெடாது. ஆனால் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றிப் பதப்படுத்திய நேரத்திலிருந்து அதன் நாழிகை ஓடத் தொடங்கிவிடும். ஈரம் இருக்கும்வரைதான் அது வளையும். காய்ந்தால் விரலை வெட்டும், இல்லாவிட்டால் தானே முறியும். ஈரத்தோடு இழைத்ததை வாய் பொத்தாமல் விட்டால், ஓலை காயக் காயச் சுருங்கி இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். காயக்கூடாது என்று ஈரச்சாக்கிலேயே விட்டுவைத்தாலோ பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும்.

அதனால்தான் என் பெரியம்மா பன்னவேலைக்கு விடியற்காலையை ஒதுக்கினார். அந்த நேரத்தில் நிலத்திலும் காற்றிலும் குளிர் இருக்கும், ஓலை சொன்னபடி கேட்கும். வெயில் திண்ணைக்கு ஏறியதும் கையிலுள்ள வரிசையை இறுக்கி முடித்து, பெட்டியை ஈரத்துணியால் மூடிவிட்டு எழும்புவார். காற்றில் ஓலை சீக்கிரம் காயும் என்பதால் சோளகக் காலத்தில் பெரிய பாய் எதையும் தொடங்கமாட்டார். ஒரே இருப்பில் முடியக்கூடிய தடுக்கு, நீத்துப்பெட்டி, சிறு குட்டான் என்று சின்ன வேலைகள்தான். "பிள்ளை, சீலை காத்திருக்கும், ஓலை காத்திருக்காது" என்பார். 2020ஆம் ஆண்டு தென்கரை நெடுகக் காற்றாலைகள் எழுந்தபோது அவரை நினைத்தேன். அந்தக் காற்றின் பலத்தைப் பொறியியலாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். பெரியம்மாவுக்கு ஓலை முறிகிற சத்தமே போதுமாக இருந்தது.

இந்தத் தீவில் பனைக்குக் குறைவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டு, பயிற்சியும் விற்பனையுமாக இந்தக் கைவினை ஒரு தொழிலாகவும் நிற்கிறது. ஆனால் நான் உங்களிடம் தொழிலைப் பேசவில்லை. சம்பாதிப்பதற்காகச் செய்பவளுக்கு முடிக்க வேண்டிய திகதியைக் கடைக்காரன் சொல்லிவிடுவான். வீட்டில் விருப்பத்துக்குச் செய்பவளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அதனால் பொருளே சொல்வதைக் கேட்கப் பழக வேண்டும்.

துணி சொல்வது வேறு. கொழும்பில் சிங்கர் கம்பனி 1877இலேயே கடை திறந்தது. பிறகு தையல் மெசின் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. மெசின் வந்த வீட்டில் வெட்டுத்துண்டுகளும் வந்தன, வெட்டுத்துண்டு சேர்ந்த வீட்டில் விரிப்பும் பிறந்தது. எங்கள் வெக்கைக்கு நடுவில் பஞ்சு வைக்கத் தேவையில்லை. பழைய நூல்சீலை இரண்டை மடித்து அடியில் விரித்து, மேலே துண்டுகளைப் பொருத்தி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் போதும். வங்காளத்துப் பெண்களின் காந்தாவும் இதே வழிதான். பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பார்கள், தையலுக்கான நூலையும் அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள்.

கர்நாடகத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் கவந்தி என்ற விரிப்பை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. மூலையிலிருந்து தொடங்கி, கரையோரமாகச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டி வெட்டிவைத்த வடிவம் இல்லை; கைக்கு வந்த துண்டை அந்த இடத்துக்கு மடித்து வைப்பார்கள். எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த நாளிலும் தொடரலாம். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளைப் பூவாக வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத கவந்தி அவர்கள் பார்வையில் நிர்வாணமானது. அடுப்பும் குழந்தையும் வயலும் நடுவே கூப்பிடும் என்று தெரிந்தவர்கள் கண்ட முறை அது. படத்தில் பார்த்த கணக்குப் பிசகாத வடிவங்களை எடுத்தவுடன் தைக்க நினைத்துச் சலித்துப்போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

துணி காத்திருக்கும் என்றேன், ஆனால் நிபந்தனை உண்டு. வெட்டுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள். சிவப்பும் கருநீலமும் எந்தக் காலத்திலும் நம்பத்தக்கவை அல்ல. முடித்த பிறகு முதல் துவைப்பில் சாயம் இறங்கினால் பக்கத்து வெள்ளையும் போய்விடும். இன்னொன்றை உள்ளூர்க்காரருக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் உப்புக் காற்றில் உருக்கு ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். பாதியில் விட்ட விரிப்பில் ஊசியைக் குத்தியே வைத்தீர்களானால், அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடத்தில் துருக்கறை விழுந்திருக்கும், அது லேசில் போகாது. அன்றன்றைக்கு ஊசியைக் கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் குத்தி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். விட்ட இடத்துக்கு ஊசிதான் அடையாளம் என்றால் அதற்குப் பதில் ஒரு நிற நூலைக் கட்டிவிடுங்கள்.

ஊல் பின்னல் எங்கள் நாட்டு வெயிலுக்குரிய வேலை அல்லதான். ஆனாலும் எங்கள் கைகளில் அது இருக்கிறது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகள் பிறக்கிறார்களே, அவர்களுக்குத் தொப்பியும் காலுறையும் யார் பின்னுவது? வேர்த்த கையில் ஊல் ஒட்டும். அதனால் உச்சி வெயிலில் அதைத் தொடாதீர்கள். இங்கே பாவிக்கிற பொருளென்றால் பருத்தி நூலே மேல்.

இந்த வேலையின் பெருமை, அது கூட வரும் என்பது. ஓலையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போக முடியாது, விரிப்பைப் பஸ்ஸில் விரிக்க முடியாது. பின்னலோ கைப்பைக்குள் அடங்கும். 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் திரும்பி ஓடத் தொடங்கியபின், கொழும்புக்குப் போகும் நீண்ட பயணங்களில் எத்தனையோ கைகள் பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: கஷ்டமான, எண்ணிக்கை பிசகக்கூடிய பின்னலை வீட்டுக்கு வையுங்கள், பார்க்காமலே கை ஓடக்கூடியதைப் பயணத்துக்கு எடுங்கள். ஒரே வேலையை இரண்டு இடத்துக்கும் இழுத்தால் இரண்டு இடத்திலும் கெடும்.

பின்னலை நடுவரியில் நிறுத்தாதீர்கள். வரியை முடித்து, எத்தனையாவது வரி, எந்த அளவு ஊசி என்று ஒரு துண்டில் எழுதிப் பையிலேயே போடுங்கள். எனக்கு ஞாபகம் இருக்கும் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நான் நேரத்தைச் செலவழிப்பதில்லை. நெடுநாள் விடப்போகிறீர்கள் என்று தெரிந்தால், வேறு நிற நூலொன்றைக் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளாலும் ஓட்டிவிட்டு ஊசியை உருவி எடுங்கள். கண்ணி நழுவாது, ஊசியும் அடுத்த வேலைக்குக் கிடைக்கும். ஊல் வாங்கும்போது முழுவதற்கும் போதுமானதை ஒரேமுறையில் வாங்குங்கள். சுற்றுத்தாளில் சாயத் தொகுதியின் எண் இருக்கும். அந்த எண் மாறினால், கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த நீலம் முற்றத்து வெயிலில் இரண்டாகத் தெரியும்.

புதிதாக ஒன்றைத் தொடங்கும் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைபேசியில் ஒரு காணொளி பார்த்தால் ஒரு தொடக்கம் பிறந்துவிடுகிறது. தொடங்குகிற சந்தோஷம் மலிவானது, ஆனால் பொய்யானதல்ல. அதை நான் பழிக்கமாட்டேன். நூலை மட்டும் வாங்கிச் சேர்த்துவிட்டு வேலை செய்ததாக மனத்தை ஏமாற்றுவதைத்தான் பழிப்பேன். வாங்கிய நூல் பெட்டகத்தை நிறைக்கும், பழகிய நூல் கையை நிறைக்கும்.

இனிச் சொல்லப்போவது கனமானது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது இந்தக் கரையிலிருந்து ஆயிரமாயிரம் பேர் படகேறி இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். பேசாலையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த அக்கா ஒருவரும் போனார். அவர் வீட்டில் பாதி இழைத்த பாய் இருந்தது, பாதி தைத்த விரிப்பும் இருந்தது. பாயை விட்டுவிட்டார். விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டார், பிள்ளைகளைப் படகில் கிடத்துவதற்கு உதவும் என்று. மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில், அங்கே கிடைத்த கைலித் துண்டுகளையும் நூல்சீலைக் கிழிசல்களையும் கொண்டு மிச்சத்தைத் தைத்து முடித்தார். திரும்பி வந்தபின் எனக்கு விரித்துக் காட்டினார். நிறம் மாறும் கோடு குறுக்கே தெளிவாகத் தெரிந்தது. "இந்தப் பக்கம் பேசாலை, அந்தப் பக்கம் மண்டபம்" என்றார். பொருத்தமில்லாத பாதியைப் பிரித்துவிட்டு ஊர்த்துணியால் திரும்பத் தைக்கலாமே என்று யாரோ சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. சரியான முடிவு என்பதே என் எண்ணம். இடைவெளி விழுந்த வேலையில் இடைவெளி தெரியத்தான் செய்யும். கையின் இறுக்கமே மாறியிருக்கும், வயது மாறியிருக்கும். தெரியாமல் மறைப்பதற்குச் செலவழிக்கும் நேரத்தில் இன்னொரு விரிப்பைத் தைத்துவிடலாம்.

அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து அந்த மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். எடுத்துச் செல்ல அனுமதித்தது மிகக் கொஞ்சம். நெடுங்காலத்துக்குப் பின் என் தோழி ஒருத்தியைக் கண்டபோது, நகையையோ வீட்டையோ அவள் முதலில் சொல்லவில்லை. சுவரில் சார்த்திவைத்துவிட்டு வந்த பாயைச் சொன்னாள்; இன்னும் ஒரு சாண் இழைத்தால் முடிந்திருக்கும் என்றாள். புத்தளத்தில் அவள் இருந்த இடத்தில் பனை இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் குரோசே ஊசி பிடிக்கக் கற்று, தொழுகைத் தொப்பி பின்னத் தொடங்கினாள். "ஓலை இல்லாத இடத்தில கை சும்மா இருக்க ஏலுமா?" என்று கேட்டாள். முடியாத வேலை எல்லாம் சோம்பலின் சாட்சி அல்ல என்பதை அவளிடம் அறிந்தேன். பொறுத்துக்கொள்வது என்றால் விட்டதையே பிடித்துக்கொண்டு நிற்பது என்று நினைத்திருந்த பலரை அவளுடைய தொப்பிகள் வாயடைக்க வைத்திருக்கின்றன.

ஆகவே, சோளகம் ஓய்ந்து மழை தொடங்குமுன், மடுமாதாவின் ஆவணித் திருநாளும் கழிந்து வீடு அமைதியான நாட்களில், பாதி வேலைகள் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டுங்கள். முடிக்க விருப்பமுள்ளதைத் தனியே வையுங்கள். விருப்பம் போய்விட்ட விரிப்பை, இருக்கும் அளவிலேயே ஓரம் மடித்துத் தைத்தால் குழந்தைக்கு ஆகும். காய்ந்து விரிந்துபோன ஓலையைத் தாராளமாக அடுப்புக்குக் கொடுங்கள், அதற்கு வருந்தத் தேவையில்லை. ஊல் பின்னலை மட்டும் எறியாதீர்கள். பிரித்து, கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் சுருள் பெரும்பாலும் நீங்கிவிடும். அந்த நூலில் இன்னொன்று பின்னலாம்.