நிலை எங்கே?

வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "கரிபு" என்று பதில் வந்த பிறகுதான் படியைத் தாண்டலாம். சான்சிபாரில் இறங்கியதும் விடுதிக்காரர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். அழைப்பு மணி இருக்கிற வீட்டிலும் இப்படித்தானாம்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து படகில் இரண்டு மணி நேரம். துறைமுகத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே ஸ்டோன் டவுனுக்கு நடந்துவிடலாம். சந்துகள் ரொம்பவும் குறுகல், எதிரே ஒரு சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய வீடுகள் உப்புக் காற்றில் காரை உதிர்ந்து நிற்கின்றன. வாசலின் இருபுறமும் கல்லில் நீளத் திண்ணை. 'பராஸா' என்கிறார்கள். அதில் காபி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் பெரியவர்களைப் பார்த்ததும் வேட்டி மட்டும்தான் குறை என்று தோன்றியது.

அழுக்குச் சுவர்களுக்கு நடுவே கதவுகள் மட்டும் கல்யாணக் கோலத்தில் நிற்கின்றன. ஒரு கதவின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். நிலையின் அடியில் மீன் செதில், அதையொட்டி அலை. அங்கிருந்து ஒரு கொடி கிளம்பி இலையும் பூவுமாக மேலேறுகிறது. வெளிவிளிம்பைச் சுற்றிக் கண்ணி கண்ணியாக மரத்திலேயே செதுக்கிய சங்கிலி. மேல் உத்தரத்தில் தாமரை மாதிரி வட்டப் பூக்கள், அவற்றுக்கு நடுவே அரபு எழுத்து. இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில் நடுத்தூண் ஒன்று, அதில் உளி படாத இடமே இல்லை. கதவுப் பலகை மட்டும் மொழுக்கென்று இருந்தது, வரிசையாகப் பித்தளைக் குமிழ் அடித்து.

யானை முட்டித் திறக்காமலிருக்க இந்தியாவில் கண்டுபிடித்தது இந்தக் குமிழ் என்றார் வழிகாட்டி. தீவில் யானையே கிடையாது என்பதையும் அவரே சொன்னார். சங்கிலிக்கு, கேட்ட ஆளுக்கொரு கதை கிடைத்தது. வீட்டுக்குக் காவல் என்றார் ஒருவர், அடிமை வியாபாரத்தின் அடையாளம் என்றார் இன்னொருவர்.

1840இல் ஓமான் சுல்தான் சையித் சயீத் தலைநகரையே மஸ்கட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். கிராம்பிலும் தந்தத்திலும் அடிமைகளிலும் பணம் கொட்டியது. கட்ச், குஜராத் பக்கத்து வணிகர்கள் வந்து குடியேறினார்கள். அரபிக்காரர் வீட்டு நிலை மேலே தட்டையாக இருக்கும், இந்தியக் கை பட்டது அரைவட்டமாக வளைந்திருக்கும். கடைத்தெருவில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த குஜராத்திக் கதவுகள். முதலில் கதவை நிறுத்திவிட்டு அதைச் சுற்றித்தான் வீட்டைக் கட்டுவார்களாம். நிலை வைக்க நல்ல நாள் பார்த்து, அடியில் நவதானியமும் காசும் போடுகிற ஊர்க்காரனுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

1964 ஜனவரிப் புரட்சியில் அரபிகளும் இந்தியர்களும் பெருவாரியாக வெளியேறினார்கள். ஆள் இல்லாத, பராமரிப்பு இல்லாத வீடுகள் மழைக்கு ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2000இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சுல்தான் பர்காஷ் 1883இல் கட்டிய 'அதிசய மாளிகை'யே 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வீடு விழுந்தாலும் கதவு விழுவதில்லை. தேக்காயிற்றே. ஆகவே கதவுகள் கைமாறுகின்றன.

நான் தங்கிய விடுதியின் கூடத்தில் அப்படி ஒரு கதவைப் படுக்கப் போட்டு, கால் வைத்து, மேலே கண்ணாடி பதித்து மேசையாக்கியிருந்தார்கள். காலையில் அதன்மேல் தேநீரும் பப்பாளியும் வந்தன. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் குமிழுக்கு நடுவே கோப்பையை வைக்கும்போது, யார் வீட்டு வாசலிலோ சப்பணமிட்டுச் சாப்பிடுவது போல் கூச்சமாக இருந்தது.

பின்சந்தில் ஒரு பட்டறை. தச்சரை 'ஃபுண்டி' என்கிறார்கள். என்னைப் பார்த்ததும் "காக்கா, கரிபு" என்றார். சுவாஹிலியில் காக்கா என்றால் அண்ணன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தச் சொல் எந்தப் படகில் எந்தத் திசையில் போனதோ.

அவர் ஒரு பழைய நிலையைத் தரையில் கிடத்திச் சீர் பண்ணிக்கொண்டிருந்தார். மழைச்சாரல் பட்டு அடிப்பாகம் ஒரு சாண் உளுத்திருந்தது. உளுத்ததை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்துவிட்டு, பலா மரத்தில் ஒட்டுத்துண்டு செய்து, ஆணியில்லாமல் மர முளையால் பிணைத்தார். செதுக்கலில் படிந்த பழைய சாயத்தைக் கூர்மழுங்கின சின்ன உளியால் நகக்கண் அழுக்கை எடுப்பதுபோல் சுரண்டினார். தேய்க்கிற இயந்திரம் ஒன்று மூலையில் கிடந்தது. ஏன் அதைத் தொடவில்லை என்று சைகையில் கேட்டேன். மீனைக் காட்டி, செதில் போய்விடும் என்றார். அந்தக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் மரக்குடுமி, அது நிலையில் தோண்டிய குழியில் உட்கார்ந்து சுழலும். எங்கள் ஊர்க் குடுமிக்கதவு அப்படியே.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைபேசியைத் திறந்து, காரைக்குடிப் பக்கத்து எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது நான் காப்பாற்றி வைத்திருக்கும் இரண்டு கதவுகளைக் காட்டினேன். பர்மாத் தேக்கு, ஒற்றைப் பலகை, பித்தளை வளையம். மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்த படம்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று தள்ளினார். பிறகு தரையில் கிடந்த நிலையைத் தட்டி ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார்: "இது எங்கே?"

நிலையை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். சுவரை இடித்து முழுசாக எடுக்க நாளாகும் என்று மூன்று துண்டாக அறுத்து, பழைய மரக்கடைக்குப் போட்டார். கஜலட்சுமியும் இரண்டு யாளியும் கிளிக்கொத்துமாக இருந்த நிலை அது. வேலைப்பாடு முழுக்க அதில்தான். அன்றைக்குத் தலையாட்டியவன் நான்தான். கதவு கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

இதை எப்படி அவருக்குச் சொல்வது? கையால் மூன்று முறை அறுத்துக் காட்டினேன். அவர் நாக்கால் 'ச்சு' கொட்டிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் மரக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நினைவுகூட இல்லை. கடைசியில் நம் ஆசாரி ஒருவர், பழைய உத்தரம் வாங்கி மொட்டையாக ஒரு நிலை செய்து, கதவுகளைக் குடுமியோடு பூஜையறைக்கு மாட்டிக்கொடுத்தார். திறந்தால் பழைய முனகல் கேட்கிறது. வாசல் ஐந்தே முக்கால் அடி, நான் குனிந்துதான் போகிறேன். மேலே கஜலட்சுமி இருந்த இடம் வெறும் மரம்.

பழைய வீடு இடிக்கப் போகிறவர்கள் கதவைக் கழற்றும் முன் நிலையைச் சுற்றிச் சுவரை உடைக்கச் சொல்லுங்கள். அறுத்தால் சுலபம் என்பார்கள். விடாதீர்கள். ஒரு நாள் கூலி கூட ஆனாலும் நிலையை முழுசாக எடுங்கள்.