பழைய பிக்கப்புக்குப் புது ரயர்

அப்பாவின் பிக்கப் 2008ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150. மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் விடிய நாலு மணிக்கு, உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ கடை வாசல்களில் பனி வழிக்கப் போவார். அவருக்கு வயது 64. அதனால் இந்த ரயர்த் தெரிவு எனக்கு வெறும் காசுக் கணக்கு இல்லை.

"தம்பி, பாவிச்ச ரயர் நாலு முந்நூறு டொலருக்கு வருது. தவாளிப்பு ஆழமாத்தான் கிடக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ரயரின் பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் 2214. அதாவது, 2014ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காலத்தோடு இறுகும், வெடிக்கும். ஆறு வருடத்தில் மாற்றச் சொல்லும் வாகன நிறுவனங்களும் உண்டு.

புதியதில் எதை வாங்குவது? அளவுக்கு முன்னால் எல்.ரி. என்றிருந்தால் அது பாரமான வேலைக்கானது. உடம்பு கெட்டி; ஆனால் எடை கூட, பெற்றோலும் கூடக் குடிக்கும், காற்றும் கூட அடிக்கவேண்டும். அப்பா ஏற்றுவது பதினைந்து மூட்டை, 300 கிலோ. கதவோரத் தாளில் சொல்லப்பட்ட சாதாரண வகையே போதும்.

தேய்மான எண் 600, 700 என்று போட்டிருப்பார்கள். அதை அந்தந்த நிறுவனமே தன் ரயருக்குக் கொடுக்கிறது. எனவே இரண்டு நிறுவனங்களை அந்த எண்ணால் மட்டும் ஒப்பிட முடியாது. நான் தேடியது மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் உள்ள சின்னம். 7 பாகைக்குக் கீழே கோடைகால ரப்பர் விறைத்துவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஸ்காபரோவில் கட்டாயமில்லை, ஆனால் பனிக்குச் சட்டம் தெரியாது. அந்தச் சின்னம் உள்ள, வருடம் முழுக்க ஓடக்கூடிய வகையைத் தெரிவுசெய்தேன். நீண்டநாள் உழைப்பது மட்டும் போதாது, கடைசிநாள் வரை வீதியைப் பிடிக்கவும் வேண்டும்.

நாலுக்கும் 1,100 டொலர். என் அட்டையை நீட்டினேன். அப்பா கையைத் தள்ளிவிட்டார்.

"வண்டி என்ரை. ரயரும் என்ரை. காத்து எவ்வளவு எண்டு மட்டும் எழுதித் தா."

எழுதிக் கொடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை தானே அளக்கிறார்.

நீங்களும் இன்று வெளியே போய் உங்கள் அப்பா, அம்மா ஓட்டும் வாகனத்தின் அந்த நாலு இலக்கத்தை வாசியுங்கள். வெளிப்பக்கத்தில் இல்லாவிட்டால் உட்பக்கத்தில் இருக்கும். அவர்களுக்கு அதைக் குனிந்து பார்க்க நேரம் இருந்திருக்காது.