காத்தோங்கில் கடலைத் தேடி

“2100ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும்.”

வானொலியில் இந்த வரியை வாசிக்க எனக்கு ஏழு வினாடி ஆனது. உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். பாட்டு முடிவதற்குள் நேயர் ஒருவர் அழைத்தார். எழுபதைத் தாண்டிய குரல்.

“ஏம்மா, 1.15 மீட்டர்னு சொன்னியே, எதிலேருந்து? சின்ன வயசுல எங்க காத்தோங் வீட்டுக்குப் பின்னாலயே கடல். இப்ப அங்கிருந்து கடலைப் பாக்க மெனக்கெட்டு நடக்கணும். தள்ளிப் போன கடல் திரும்பி வருதுங்கிறியா?”

“பார்த்துச் சொல்றேன் ஐயா” என்றேன். செய்தியை வாசித்த எனக்கே அதன் பொருள் தெரியவில்லை என்பது உறுத்தியது.

அந்த வார இறுதியில் ஐந்து வயது மகளுடன் காத்தோங் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினேன். பக்கத்திலேயே பூங்கா. 1879ல் ஆங்கிலேயர் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டை இங்கேதான் மண்ணுக்குள் கிடக்கிறது. 2004ல் தோண்டியபோது அதன் சுவர்கள் தென்பட்டன. கடலில் வரும் எதிரிக் கப்பல்களைக் குறிவைத்துப் பீரங்கி நிறுத்திய கோட்டை. இன்று அதன் எதிரே மரங்களும் நெடுஞ்சாலையும்தான். அருகிலுள்ள ஃபோர்ட் ரோடு என்ற பெயரில் மட்டும் கோட்டை மிஞ்சியிருக்கிறது.

“கடல் எங்கம்மா?” என்றாள் மகள்.

கடல் எங்கும் போகவில்லை. 1966ல் தொடங்கிய நில மீட்புப் பணியில் பிடோக் பகுதிக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டிக் கரையைத் தள்ளிவைத்தோம். நேயருக்கான முதல் பதில் கிடைத்துவிட்டது. அன்று நகர்ந்தது கரை. இன்று உயர்வது நீர்மட்டம்.

நெடுஞ்சாலையைக் கடந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு நடந்தோம். மகள் மணலைத் தோண்ட, நான் கைப்பேசியில் ஆய்வுக் குறிப்புகளைத் தோண்டினேன்.

எதிலிருந்து 1.15 மீட்டர்? 1995 முதல் 2014 வரையிலான சராசரி கடல்மட்டத்திலிருந்து. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு உண்மையில் சொன்னது, 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை. நான் வாசித்ததோ பெரிய எண்ணை மட்டும்.

கடல்மட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஜாதகம் பார்ப்பதில்லை. ‘இப்படி நடந்தால் இவ்வளவு உயரும்’ என்று கணக்குப் போடுகின்றன. கடல்நீர் சூடேறி விரிவது, மலைகளிலும் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனி உருகுவது எனத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுகிறார்கள். பிறகு ஊருக்கேற்ற திருத்தம். பிரம்மாண்டமான பனிப்பாளம் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் அதன் அருகில் மட்டம் தாழும். தொலைவில் இருக்கும் நம் போன்ற ஊர்களில் கூடுதலாக உயரும்.

கணக்கைச் சரிபார்க்கக் கடந்த காலம் இருக்கிறது. 1993 முதல் துணைக்கோளப் பதிவுகள், அதற்கு முன் துறைமுக அளவுகோல்கள், அதற்கும் முன் சேறு. மரினா சவுத்தில் ஆழத் துளையிட்டு எடுத்த சேற்றில் பழைய சதுப்புநிலக் காட்டின் எச்சங்கள் இருந்தன. அதைக் கொண்டு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுக் கடல்மட்டத்தைக் கணித்திருக்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. எதிரே கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற இடத்தைத் தாண்டி, போர்னியோவரை அப்போது நடந்தே போயிருக்கலாம்.

சிங்கப்பூரில் சுமார் 30 விழுக்காட்டு நிலம், சராசரி கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அதனால்தான் இந்தக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டரில் ‘லாங் ஐலண்ட்’ என்ற மேடான நிலத்தை உருவாக்கும் யோசனை 2023ல் அறிவிக்கப்பட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த கரைக்கு முன்னால் ஒருநாள் கடல் இருக்காது, நீர்த்தேக்கம் இருக்கும். மீண்டும் கரை நகரப்போகிறது.

0.23க்கும் 1.15க்கும் ஏன் இவ்வளவு இடைவெளி? பனிப்பாளங்கள் எவ்வளவு வேகமாக உடையும் என்பது ஒரு காரணம். உலகம் இன்னும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடும் என்பது மற்றொன்று. முதலாவதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. இரண்டாவது மனிதர்களின் கையில் இருக்கிறது. பெரிய எண்ணை மட்டும் வாசித்தபோது அந்தப் பாதிச் செய்தியை நான் விழுங்கிவிட்டேன்.

2100ல் என் மகளுக்கு எண்பது வயது இருக்கும். ஏறக்குறைய அந்த நேயரின் வயது. அவளும் ஏதாவது ஒரு நிலையத்தை அழைத்து, “சின்ன வயசுல அம்மாவோட உட்கார்ந்த கடற்கரை அது” என்று சொல்லக்கூடும்.

திங்கட்கிழமை அதே செய்தியை மறுபடி வாசித்தேன். இரண்டு எண்களையும், எதிலிருந்து என்பதையும், ஏன் இடைவெளி என்பதையும் சேர்த்தபோது நாற்பது வினாடி ஆனது. பாட்டைக் கொஞ்சம் வெட்டவேண்டியிருந்தது.

நேயர் மறுபடி அழைத்தார். “இப்ப புரியுதும்மா” என்றவர், கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: “அந்தக் கோட்டைப் பக்கம் போனியே, எங்க வீடு இருந்த இடத்தப் பாத்தியா?”