ஸ்டெப்னியில காத்து இருக்கா?

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இன்னைக்கு கொஞ்சம் நீளமான பதிவு, அதனால டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க மக்களே.

முதல்ல ஒரு பொது அறிவுக் கேள்வி. விமானத்துல இருந்து பொழுதுபோக்குக்காகக் குதிக்கிறாங்களே, அவங்க முதுகுப் பையில எத்தனை பாராசூட் இருக்கும்?

ரெண்டு. ஒண்ணு மெயின், இன்னொண்ணு ரிசர்வ். மெயினை குதிக்கிறவரே மடிச்சு வெச்சுக்கலாம். ரிசர்வ் கதை வேற. அதை லைசென்ஸ் வாங்கின ஆள்தான் மடிச்சு, சீல் வெச்சுக் கொடுக்கணும். அமெரிக்காவுல 180 நாளைக்கு ஒரு தடவை, பயன்படுத்தினாலும் இல்லாட்டியும், பிரிச்சுப் பார்த்துத் திரும்ப மடிக்கணும்னு சட்டமே இருக்கு. குதிக்கிறவர் மயங்கிட்டா என்ன பண்றதுன்னு பைக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வேற. தரையில இருந்து சுமார் 225 மீட்டர் உயரத்துலயும் ஆள் இன்னும் வேகமா விழுந்துகிட்டே இருந்தா அதுவே ரிசர்வைத் திறந்துவிட்டுடும்.

இத்தனை ஏற்பாடு இருக்கு. ஆனா நூத்துக்கணக்கான தடவை குதிச்சவங்கள்லயே நிறைய பேர் ரிசர்வ்ல ஒரு தடவைகூட இறங்கினது கிடையாது. அதனால என்னங்கறீங்களா? ரிசர்வ்ங்கறது மெயினோட ஜெராக்ஸ் காப்பி இல்லை. மெயின் துணி பெரும்பாலும் காத்தையே விடாத துணி. ரிசர்வ் துணி கொஞ்சம் காத்தை விடும். மெயின்ல பல சமயம் ஒன்பது அறை இருக்கும், ரிசர்வ்ல வழக்கமா ஏழுதான். தரை நெருங்கும்போது ரெண்டு கையையும் கீழே இழுத்து வேகத்தைக் குறைப்பாங்க இல்லையா, அந்தக் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணா இருக்காது. மெயின்ல பழகின கை ரிசர்வ்ல அதே நேரத்துல அதே அளவு இழுத்தா, அதே மாதிரி இறங்கும்னு சொல்ல முடியாது. இதைக் கத்துக்கற முதல் நாள், மெயின் சிக்கிக்கிட்டு, உயரத்தையும் இழந்து, யார் வீட்டு மாடியிலயோ இறங்கப் போற அதே நாளா இருந்தா எப்படி?

அதுக்கு அனுபவஸ்தர்கள் ஒரு வழி வெச்சிருக்காங்க. அதே மாடல், அதே அளவுல ரிசர்வ் துணி ஒண்ணை வாங்கி, மெயின் இருக்கற இடத்துல மாட்டிக்கிட்டுக் குதிக்கிறது. இதுக்குன்னே டெமோ துணி கடன் கொடுக்கற தயாரிப்பாளர்களும் உண்டு. உங்களோட நிஜ ரிசர்வ் சீல் கலையாம அதோட இடத்துலயே இருக்கும். சோதனை சொதப்பினாலும் ஆள் பிழைச்சுக்கலாம். படிச்சப்போ எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு. நாங்க பொட்டி தட்டுற இடத்துல இந்த அளவுக்கு யோசிச்சா பாதி ராத்திரி போன் கால் குறையும் :-)

எங்க ஊர் புதுச்சேரிங்கறதால இந்த விஷயத்துல எனக்கு இன்னொரு சவுகரியம். பாராசூட்ங்கறதே பிரெஞ்சு வார்த்தை. அதுல 'சூட்'னா விழறது. குடைக்கு அவங்க 'பாராப்ளுயி'ன்னு சொல்லுவாங்க, அது மழையைத் தடுக்கற சாமான். இது விழறதைத் தடுக்கற சாமான். இந்த விளக்கத்தை எனக்குச் சொன்னவர் பக்கத்துத் தெரு சொல்தா தாத்தா. வெளியூர் நண்பர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். தாத்தா அங்க பாராசூட் படையில இருந்தவர். ஒருநாள் சாயங்காலம் பீச் ரோட்டுல நடந்துகிட்டே கேட்டேன்.

"தாத்தா, ரிசர்வை எப்பவாச்சும் இழுத்திருக்கீங்களா?"

"அது வயித்து மேல கட்டியிருப்பாங்க தம்பி. எனக்கு ஒவ்வொரு தடவையும் பெரியதே நல்லா விரிஞ்சிடுச்சு. சின்னதைத் தொட்டதே இல்ல."

"விரியுமான்னு சந்தேகம் வரலையா?"

"கதவுகிட்ட நிக்கறப்போ அதெல்லாம் யாருக்குப்பா தோணும்? ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்த அப்புறம்தான் தோணுச்சு. இத்தனை வருஷம் அது விரியுமான்னு தெரியாமலே அதை நம்பியிருக்கேன்."

பிரெஞ்சுன்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வர்றார். பிரான்ஸ் ரைஷல்ட்னு பாரிஸ்ல ஒரு தையற்காரர். உடுப்பு மாதிரி போட்டுக்கற பாராசூட் ஒண்ணைத் தைச்சார். 1912 பிப்ரவரி 4-ஆம் தேதி ஈபிள் கோபுரத்தோட முதல் தளத்துல இருந்து, சுமார் 57 மீட்டர் உயரத்துல, அதைப் போட்டுக்கிட்டுக் குதிச்சு இறந்துபோனார். பொம்மையை வெச்சு சோதிக்கத்தான் அனுமதி வாங்கியிருந்தார். கடைசி நேரத்துல நானே குதிக்கிறேன்னு நின்னுட்டார். அதைப் படம் வேற பிடிச்சு வெச்சிருக்காங்க, என்னால முழுசாப் பார்க்க முடியலை. சோதனை பண்ணணும்னு சொல்றவங்க எல்லாரும் இவரை ஒரு தடவை நினைச்சுக்கறது நல்லது. அவர் சோதிச்ச சாமானுக்குப் பின்னாடி வேற எதுவுமே இல்லை. அதுக்குப் பேர் சோதனை இல்ல, ஆழம் தெரியாம ரெண்டு காலையும் விடறது.

இதைவிட என்னைத் தூங்கவிடாம பண்ணின கதை விளாடிமிர் கொமரோவ் கதை. 1967 ஏப்ரல் 23-ஆம் தேதி சோவியத்தோட சோயுஸ் 1 விண்கலத்துல தனியாப் போனார். மேலே ஏகப்பட்ட கோளாறு. எல்லாத்தையும் சமாளிச்சு மறுநாள் திரும்பி வர்றார். மெயின் பாராசூட்டை வெளிய இழுக்கறதுக்குன்னு முன்னாடி ஒரு சின்ன பாராசூட் விரியும். அது விரிஞ்சிடுச்சு. ஆனா மெயின் அதோட பெட்டியிலயே மாட்டிக்கிச்சு, வெளிய வரலை. சரி, ரிசர்வ் இருக்கே? இருந்துச்சு. வெளியவும் வந்துச்சு. ஆனா அந்தச் சின்ன பாராசூட் இன்னும் மேலே தொங்கிட்டு இருந்ததால ரிசர்வ் அதோட சிக்கி விரியவே இல்லை. கொமரோவ் தரையில மோதி இறந்தார்.

இதுல கவனிங்க. அந்த ரிசர்வ் தனியா இருந்திருந்தா விரிஞ்சிருக்கும். பழுதான இன்னொண்ணு பக்கத்துலயே தொங்கும்போது விரியலை. ஆனா ரிசர்வ் வேலை செய்ய வேண்டிய நேரமே அதுதானே? மெயின் நல்லா இருக்கும்போது ரிசர்வை யார் தேடப் போறாங்க? அதனாலதான் பொழுதுபோக்குக்குக் குதிக்கிறவங்களுக்கும் முதல் பாடம், கெட்டுப்போன மெயினைக் கழட்டிவிட்டுட்டு அப்புறம் ரிசர்வை இழுன்னு இருக்கு. சோதிக்கறதா இருந்தா கெட்டுப்போன நிலைமையையும் சேர்த்து உண்டாக்கித்தான் சோதிக்கணும்.

நம்ம இஸ்ரோக்காரங்க இதை அழகாப் பண்ணினாங்க. மனுஷங்களை அனுப்பற ககன்யான் திட்டத்துல, வீரர்கள் உட்கார்ந்து வர்ற கலத்துக்கு மொத்தம் 10 பாராசூட். அதுல மெயின் மூணு. பத்திரமா இறங்க ரெண்டு போதும், மூணாவது உபரி. பேப்பர்ல எழுதிப் பார்த்தாச்சு, கணக்குப் போட்டாச்சு, சரின்னு விட்டிருக்கலாம். விடலை. 2022 நவம்பர் 18-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்துல ஜான்சி மாவட்டம் பாபினாவுல, 5 டன் எடையை விமானப்படையோட ஐ.எல்.-76 விமானத்துல ஏத்தி, 2.5 கிலோமீட்டர் உயரத்துல இருந்து தள்ளிவிட்டாங்க. ஒரு மெயின் விரியலைன்னா என்ன ஆகும்ங்கறதுதான் அன்னிக்குச் சோதனையே. ரெண்டே ரெண்டு மெயின்ல எடை பத்திரமா வந்து இறங்குச்சு. 2025 நவம்பர் 3-ஆம் தேதி அதே பாபினாவுல இன்னொரு வில்லங்கமான கேள்வி: ரெண்டு மெயினும் ஒரே சமயத்துல முழுசா விரியாம ஒண்ணு தாமதமா விரிஞ்சா? அதையும் வேணும்னே உண்டாக்கிப் பார்த்தாங்க.

நடுவுல 2023 அக்டோபர் 21-ஆம் தேதி, எங்க ஊர்ல இருந்து நேர்கோடு போட்டா சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஸ்ரீஹரிகோட்டாவுல, ராக்கெட்டே கோளாறானா கலத்தைப் பிடுங்கிட்டுத் தப்பிக்கிற அமைப்பை ஆளில்லாம பறக்கவிட்டுப் பார்த்தாங்க. கிளம்ப 5 நொடி இருக்கும்போது கம்ப்யூட்டர் எதோ சரியில்லைன்னு நிறுத்திடுச்சு. சரிபண்ணி 10 மணிக்கு ஏவினாங்க. கலம் பாராசூட்ல வங்காள விரிகுடாவுல இறங்கிச்சு. தண்ணியில தலைகீழா மிதந்துச்சுங்கறது வேற விஷயம். அதுவும் சோதிச்சதாலதானே தெரிஞ்சுது?

நம்ம தொழில்லயும் இதே கூத்து உண்டு. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தவறுதலா நிஜ டேட்டாபேஸை அழிச்சுட்டார். காப்பாத்த ஒண்ணுக்கு நாலு வழி வெச்சிருந்தாங்க. போய்ப் பார்த்தா, தினமும் எடுக்கறதா நம்பிட்டு இருந்த பேக்கப் வெர்ஷன் கோளாறால எடுக்கவே இல்லை. எடுக்கலைன்னு சொல்ல வேண்டிய மெயிலும் யாருக்கும் வந்து சேரலை. யாரோ வேற வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்து வெச்ச நகல்தான் மானத்தைக் காப்பாத்துச்சு. பேக்கப் எடுத்தோமாங்கறது ஒரு கேள்வி, அதைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தோமாங்கறது வேற கேள்வி. வெச்சிருக்கறது சுலபம் பாஸ்.

இப்ப வீட்டு விஷயம். இவ்வளவு சுத்தினதே இதுக்காகத்தான்.

எங்க அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை, சி.ஓ.பி.டி. வீட்டுலயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடும். அது கரண்ட்ல ஓடற மெஷின். கரண்ட் போனா இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரும் படுத்துட்டா மூலையில சங்கிலி போட்டு நிக்கற பி டைப் சிலிண்டர். சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் பிடிக்கும். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன நிமிஷத்துக்கு 2 லிட்டர் கணக்குல 12 மணி நேரம் வரும். ஆக, மூணு அடுக்கு. ககன்யான் மாதிரியேன்னு நானே பெருமையா சொல்லிக்கலாம். ஆனா வந்த நாள்ல இருந்து அந்த சிலிண்டரைத் தொட வேண்டிய அவசியமே வரலை.

கொமரோவ் கதை படிச்சது 2024 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி. தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தப்போ டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு ஒத்திகை பார்த்தோம். ரெண்டே விதி. ஒண்ணு, கரண்ட் இருக்கும்போதே செய்யணும், கான்சன்ட்ரேட்டர் பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கணும். எதாவது சொதப்பினா குழாயைத் திரும்ப அதுல மாட்டிடலாம். ரெண்டு, நான் எதையும் தொடக்கூடாது. வாரத்துல அஞ்சு நாள் நான் சென்னையில இருக்கேன். நிஜமா கரண்ட் போற அன்னிக்கு வீட்டுல இருக்கப் போறது அம்மாதான்.

அம்மா சிலிண்டர்கிட்ட போனாங்க. சாவி சிலிண்டர் கழுத்துலயே கட்டியிருந்துச்சு, நல்லது. வால்வுல மாட்டித் திருப்பினாங்க. அசையலை. இன்னொரு தடவை முக்கித் திருப்பினாங்க. ம்ஹூம். "இருடா"ன்னு சமையல்கட்டுக்குப் போனவங்க தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோட வந்தாங்க.

எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னு போச்சு. அதிக அழுத்தத்துல ஆக்சிஜன் வர்ற வால்வுலயும் ரெகுலேட்டர்லயும் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. நெருப்பு இல்லாமலே பத்திக்கலாம். அம்மா மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். இறுகிப்போன கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் நாப்பது வருஷமா அவங்க செஞ்ச வைத்தியம் அது. யாருமே அவங்ககிட்ட சொல்லலை. இதே விஷயம் ராத்திரி, கரண்ட் இல்லாம, கையில மெழுகுவர்த்தியோட, அப்பா மூச்சு வாங்கற நேரத்துல நடந்திருந்தா? அதுக்கு மேல நான் யோசிக்க விரும்பலை.

அன்னிக்கே நீளமான கைப்பிடி இருக்கற சாவி ஒண்ணு வாங்கினோம். அம்மா ஒத்தைக் கையால திருப்பினாங்க. குழாய் கட்டில் வரைக்கும் எட்டலைன்னு தெரிஞ்சு நீளக் குழாய் வாங்கினோம். மெழுகுவர்த்தி வீட்டை விட்டே போச்சு, பேட்டரி விளக்கு வந்துச்சு. சிலிண்டர் மேல தடிமனான எழுத்துல ஒரு அட்டை ஒட்டினேன்: "எண்ணெய் கூடாது. நெருப்பு கூடாது. மெதுவாகத் திற." மறுபடி ஒத்திகை பார்த்ததுல அம்மாவுக்கு மொத்தம் நாலு நிமிஷம் ஆச்சு. அப்பா கட்டில்ல இருந்து ஸ்கோர் சொல்லிட்டு இருந்தார்.

சரியா ஒரு மாசம். நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துலயே கரையைக் கடந்துச்சு. ஊர்ல ஒரே நாள்ல சுமார் 46 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகர் பக்கம் மறுநாள் ராணுவம் வந்துதான் ஜனங்களை மீட்டுச்சு. எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு. நான் சென்னையில மாட்டிக்கிட்டேன். விடியக்காலை வரைக்கும் போன் போகலை. அந்த ராத்திரியைப் பத்தி எழுத எனக்கு வார்த்தை இல்லை.

காலையில லைன் கிடைச்சப்போ அம்மா சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சுது. சிலிண்டருக்கு மாத்திட்டேன். உங்கப்பா தூங்கறார். பால்காரன்தான் இன்னும் வரலை."

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுலயும் எதாவது ஒரு ரிசர்வ் இருக்கும். கார் ஸ்டெப்னி, பேக்கப் ஹார்ட் டிஸ்க், அபார்ட்மென்ட் ஜெனரேட்டர், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர், பீரோவுல இருக்கற இன்சூரன்ஸ் பேப்பர். இந்த ஞாயித்துக்கிழமை அதுல ஒண்ணே ஒண்ணை எடுத்து, நிஜமா ஓட்டிப் பாருங்க. நிஜமான அன்னிக்கு யார் கையில அது இருக்குமோ அவங்களையே ஓட்டச் சொல்லுங்க. என்ன அகப்பட்டுச்சுன்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க.

டிஸ்கி: வீட்டுல ஆக்சிஜன் பயன்படுத்தறவங்க உங்க டாக்டரையும் சிலிண்டர் கொடுக்கறவரையும் கேட்காம எதையும் செஞ்சு பார்க்காதீங்க. நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை.