படத்தில் ஒன்றுமில்லை

சோறு நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது என்று அம்மா சொல்லத் தொடங்கியதும், பேர்லின் நொய்கெல்னில் எங்கள் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நுரையீரல் சுத்தம். “படத்தில ஒண்டும் இல்லையம்மா, நல்லா மென்று சாப்பிடுங்கோ” என்று மொழிபெயர்த்தேன். மென்று சாப்பிடச் சொன்னது என் கைச்சரக்கு. உணவுக்குழாயை ஃபுளோரோஸ்கோபியில், அதாவது ஓடும் எக்ஸ்ரே படத்தில், பார்க்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னதைத்தான் நான் விழுங்கிவிட்டேன்.

பயம்தான். எக்ஸ்ரே கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதிலோ நிமிடக்கணக்கில் கதிர் பாயும் என்று இரவிரவாகக் கைபேசியில் வாசித்திருந்தேன். இன்றைய கருவிகள் பெரும்பாலும் கதிரை விட்டுவிட்டுத்தான் அனுப்பும், வைத்தியர் பெடலை மிதிக்கும்போதுதான் படம் ஓடும் என்பதுவரை வாசிக்கப் பொறுமை இருக்கவில்லை. பேர்லினில் பிறந்த வைத்தியர் வெர்னர் ஃபோர்ஸ்மன், 1929இல் எபர்ஸ்வால்டே ஆஸ்பத்திரியில் தன் கை நாளத்துக்குள் குழாயை விட்டு, இதே ஃபுளோரோஸ்கோபிக் கதிர்த்திரையைப் பார்த்தபடி இதயம்வரை தள்ளினார். 1956இல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. நானோ, பரிசோதனைக்காக அம்மா ஒரு கோப்பை பேரியம் குடிப்பதற்கே நடுங்கினேன்.

அம்மா மெலிந்தார். படுத்தால் இருமல். பிளாஷ்கோஅலே முருகன் கோயிலுக்கு வந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் விரதம் என்று ஒதுங்கினார். அதையும் நம்பினேன். கடைசியில் நிமோனியா. மறுபடி எக்ஸ்ரே, பிறகு சிடி. ஜெர்மனியில் சும்மா இருப்பவருக்கே இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேர்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே அதில் சில நாள் பங்குதான். சிடி அப்படியல்ல. நான் கதிர்வீச்சைத் தவிர்த்த இலட்சணம் இது.

பிறகுதான் அந்தப் பரிசோதனை. ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மொழிபெயர்க்க. உணவுக்குழாய் வெறும் கதிரில் தெளிவாகத் தெரியாது. கதிரை மறிக்கும் பேரியத்தை விழுங்கினால்தான் அது போகும் வழி தெரியும்.

“வாயில வைச்சிருங்கோ. இப்ப விழுங்குங்கோ.”

திரையில் பேரியம் கறுப்பாக இறங்கியது. கீழே வந்து நின்றது. இரைப்பை வாசலில் பறவை அலகுபோல் ஒரு கூர். நான் காத்திருந்தேன். அம்மா இன்னொரு வாய் விழுங்கினார். அதுவும் மேலே போய்ச் சேர்ந்துகொண்டது. ஹெர்மன்பிளாட்ஸ் சந்தியின் ஒற்றைப் புகைப்படத்தை வைத்து எந்தப் பஸ் சிக்கி நிற்கிறது என்று சொல்ல முடியுமா? நான் அதைத்தான் செய்திருந்தேன். வைத்தியர் பெடலிலிருந்து காலை எடுத்தார். கதிர் நின்றது, கடைசிப் படம் திரையில் அப்படியே இருந்தது.

எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்கச் சொன்னார். எனக்கே தெரியும், கேட்கத் தேவையில்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை.

உணவுக்குழாயின் அடித்தசை திறக்க மறுக்கும் அக்கலேசியா. பலூன் விட்டு விரிக்கலாம், அதுவும் அதே கதிர்த்திரையின் கீழ். சம்மதப் பத்திரத்தில் கதிர்வீச்சு பற்றிய பத்தியை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அதை விடு,” என்றார் அம்மா. “எப்ப புட்டு சாப்பிடலாம் எண்டு கேள்.”